தக்காளி முடிஞ்ச பையில் உளுந்து: பழைய மண்ணையும் வேரையும் என்ன செய்யலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் வெட்டியிருக்கோம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கு.)

அறந்தாங்கியில் இருந்து பேசுறேன். இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ரொம்பச் சின்னது. மாடியில் ஒரு பையில் தக்காளி வச்சீங்க. காய்ச்சது, பறிச்சீங்க, குழம்பு வச்சீங்க. செடி காய்ஞ்சு போச்சு. இப்போ அந்தப் பையில் மிச்சம் இருக்கிற மண்ணையும் வேரையும் என்ன பண்றது?

விதை போடுறதுக்கு வீடியோ இருக்கு. பந்தல் கட்டுறதுக்கு இருக்கு, மாவுப்பூச்சிக்கு மட்டும் நூறு வீடியோ இருக்கும். அறுவடை முடிஞ்ச மறுநாள் என்ன செய்யணும்னு பேசுறவங்க ரொம்பக் கம்மி. ஆனா மாடித்தோட்டம் நின்னு போறதே அந்த மறுநாள்லதான். எங்க தெருவில் நாலு வீட்டு மாடியில் செடிப்பை இருக்கு. அதில் ரெண்டு வீட்டில் பை எல்லாம் மூலையில் கவுந்து கிடக்கு. கேட்டா ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் சொல்றாங்க: "மொதத் தடவை நல்லா வந்துச்சு தம்பி. ரெண்டாம் தடவை செடி மஞ்சளாப் போச்சு. மண்ணு செத்துப் போச்சு."

செடி மஞ்சளானது உண்மை. ஆனா மண் செத்துப் போச்சுங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல இந்தப் பைகள் எங்க இருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். 2021இல் தோட்டக்கலைத் துறை 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்'னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. அதில் நகரத்துக்காரங்களுக்கு மாடித்தோட்டத் தளை. அப்போ 900 ரூபாய் மதிப்பு, மானியம் போக 225 ரூபாய். உள்ள 6 செடிப்பை, ஒவ்வொண்ணும் 2 கிலோ எடையுள்ள தென்னை நார்க்கழிவுக் கட்டி 6, 6 வகை காய்கறி விதை, உயிர் உரம், டிரைக்கோடெர்மா விரிடி, வேம்புல செஞ்ச பூச்சிவிரட்டி. நல்ல திட்டம். அதைப் பார்த்துத்தான் நிறைய பேர் ஆரம்பிச்சாங்க. ஆனா கணக்கைக் கவனிங்க: 6 பைக்கு 6 கட்டி. ஒரு பைக்கு ஒரு தடவை நிரப்புறதுக்கு மட்டும். பை நல்லதா இருந்தா நாலு வருஷம்கூடத் தாங்கும். உள்ள இருக்கிறதை ஒரு பருவத்தோட தூக்கிப் போட்டா, மறுபடி கட்டி, மறுபடி தொழு உரம், மறுபடி செம்மண்ணுன்னு வாங்கிக்கிட்டே இருக்கணும். 12க்கு 12 அங்குலப் பைக்கே 20 லிட்டர் வரைக்கும் கலவை பிடிக்கும். பத்துப் பைன்னா 200 லிட்டர். அதைத் தலையில் வச்சு மாடிக்கு ஏத்துறது யாரு? எங்க பக்கம் பாதி வீட்டில் ஆம்பளைங்க சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்காங்க. அக்காக்களும் அத்தைகளும்தான் ஏத்தணும். ஒரு தடவை ஏத்துவாங்க. ரெண்டாவது தடவை தோட்டமே வேண்டாம்னு விட்டுடுவாங்க. விட்டுட்டாங்க.

இறக்கின மண் எங்க போகுது? வாய்க்கால்ல, இல்லைன்னா குப்பை வண்டியில்.

சரி, பைக்குள்ள நிஜமா என்ன நடந்திருக்கு? கடையில் வாங்குற நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணியில் ஊற வச்சா பூ மாதிரி உப்பும். பார்க்க மண் மாதிரி இருக்கும். ஆனா அது மண் இல்ல, மக்கின உரமும் இல்ல. தேங்காய் மட்டையில் நாரை உருவின பிறகு மிஞ்சுற தூள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் போனா கயிறு ஆலைக்குப் பக்கத்தில் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். அது லேசில் மக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுக்கிற கணக்குப்படி, பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காப் போட்டு மக்க வச்சா அது 24க்கு 1 வரைக்கும் இறங்கும்.

இந்த விகிதம் ஏன் முக்கியம்னா, மக்க வைக்கிற நுண்ணுயிருக்குக் கரிமம் சோறு, தழைச்சத்து குழம்பு மாதிரி. சோறு மட்டும் நிறைய இருந்தா குழம்புக்கு அலையும். மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எல்லாம் அதுவே எடுத்துக்கும். செடிக்கு ஒண்ணும் மிஞ்சாது. அப்போதான் கீழ் இலை மஞ்சளாகும். அந்தச் சமயத்தில் மண்ணில் உயிர் குறைவா இல்ல, அளவுக்கு மேல பசியோட இருக்கு. கொஞ்ச நாள் விட்டா, அந்த நுண்ணுயிர்கள் செத்து மக்கும்போது எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துடும்.

இப்போ உங்க தக்காளிப் பையை நினைச்சுப் பாருங்க. நாலு மாசமா தண்ணி ஊத்தியிருக்கீங்க. தொழு உரம் போட்டிருக்கீங்க, அரிசி கழுவின தண்ணி ஊத்தியிருக்கீங்க, டிரைக்கோடெர்மா போட்டிருக்கீங்க. வேர் ஒவ்வொரு நூல் இடைவெளியிலும் புகுந்து, தன் பங்குக்குச் சர்க்கரையைக் கசிய விட்டு நுண்ணுயிரை வளர்த்திருக்கு. பல்கலைக்கழகம் காளான் வச்சுச் செய்யுறதை உங்க பை நிதானமாச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அது பாதி வேலை முடிஞ்ச மண். அதைக் கொட்டிட்டு புதுக் கட்டி வாங்குறதுன்னா பாதி வெந்த சோத்தைக் கீழே ஊத்திட்டு மறுபடி அரிசி களையுற மாதிரி. எங்க ஆபீஸ்லயும் இந்த வியாதி உண்டு. பழைய கோடு புரியலைன்னா உடனே "முதல்ல இருந்து எழுதிடலாம்"னு ஒருத்தர் கை தூக்குவார். அது இன்னொரு எபிசோட்.

வேருக்கு வருவோம். செடி முடிஞ்சதும் நம்ம எல்லாருக்கும் கை போறது தண்டுக்கு. பிடிச்சு ஒரு இழு. வேர்ப் பந்தோட சேர்ந்து பையில் மூணில் ஒரு பங்கு கலவை வெளியே வரும். பார்க்கச் சுத்தமா இருக்கும், திருப்தியா இருக்கும்.

இதை நான் ஊர்ல அப்பாயிகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவங்களுக்கு மாடித்தோட்டத்து மேல பெரிய மரியாதை கிடையாது. "தொட்டிக்குள்ள என்னடா வெவசாயம்"னு கேட்பாங்க. ஆனா அன்னைக்கு அவங்க கேட்ட கேள்விதான் இந்த எபிசோடே: "தாளைப் புடுங்கிட்டு யாருடா உளுந்து வெதைப்பா?"

வயக்காடு தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நாங்க இருக்கிறது கல்லணைக் கால்வாயோட கடைமடை. தண்ணி வர்ற வருஷம் சம்பா நெல் போடுவாங்க. தை மாசத்தில் அறுப்பு. அறுக்கிறதுக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்னாடி, நெல்லு வயல்ல நிக்கும்போதே, மண்ணில் மெழுகுப் பதம் ஈரம் இருக்கும்போது உளுந்தையோ பச்சைப்பயறையோ வீசி விதைச்சுடுவாங்க. டெல்டா முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. நெல் தரிசுப் பயறுன்னு பேரு. ஹெக்டேருக்கு 30 கிலோ விதை. இதுக்குன்னே ஆடுதுறை 3 மாதிரி உளுந்து ரகம்கூட இருக்கு. நெல்லை அறுக்கும்போது உளுந்து கீழே ரெண்டு இலை விட்டிருக்கும். நெல்லோட தாளும் வேரும் அப்படியே மண்ணுக்குள்ள. உழவு கிடையாது, தனியா தண்ணி கிடையாது. மிச்ச ஈரமும் பனியும் போதும். நெல்லு வேர் மக்கின வழியிலேயே உளுந்து வேர் இறங்கும். அறுவடை மிஷின் வந்த பிறகு சக்கரத்தில் நாத்து நசுங்குதுன்னு விதைக்கிற தேதியை முன்னப் பின்ன மாத்திக்கிட்டாங்க. ஆனா அடிப்படை மாறலை. வேரைப் பிடுங்குறது இல்ல.

இந்தப் பயிருக்கு ஆராய்ச்சி நிலையமே நம்ம மாவட்டத்தில்தான் இருக்கு. ஆலங்குடி பக்கத்தில் வம்பன், தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம். வம்பன்னு பேர் போட்ட உளுந்து ரகங்கள் தமிழ்நாடு முழுக்கப் போகுது. நம்ம ஊர் பஸ்ல வம்பன் நாலு ரோட்டில் இறங்குறவங்களுக்கே அது தெரியாது, விடுங்க.

ஆக, அப்பாயி சொன்னதை மாடிக்கு ஏத்துறதுதான் நான் சொல்ல வர்றது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, எதுவா இருந்தாலும் சரி, கடைசிப் பறிப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்தப் பையில் உளுந்தைப் போட்டுடுங்க. பறிப்பு முடிஞ்சதும் பழைய செடியை மண் மட்டத்தில் கத்தரியால் வெட்டுங்க. இழுக்காதீங்க. வேர் உள்ளேயே இருக்கட்டும்.

ஆனா இதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. எல்லா வேரும் உள்ள இருக்கத் தகுதி உள்ளது இல்ல. அதனால பத்துப் பையில் ஒண்ணை, முக்கியமா மத்ததை விட மெலிஞ்சு கிடந்த செடி இருக்கிற பையை, முழுசாக் கொட்டிப் பாருங்க. ஒரு சாக்கை விரிச்சு, பையைக் கவுத்து, வேரைத் தண்ணியில் அலசுங்க.

வெள்ளையா, பழுப்பா, நூல் நூலா சல்லி வேர் நிறைய இருந்தா நல்ல பை. மண் வாசம் வரும். அழுகின முட்டை நாத்தம் வந்தா அடியில் தண்ணி தேங்கி இருக்கு, ஓட்டை அடைச்சிருக்கு. அதைச் சரி பண்ணி, கலவையை ரெண்டு நாள் நிழல்ல ஆற விட்டாப் போதும்.

வேர்ல அங்கங்க முடிச்சு முடிச்சா, மணி கோத்த மாதிரி வீங்கி இருந்தா கவனிக்கணும். அது வேர் முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு வேருக்குள்ளயே குடியிருக்கும். தக்காளி, கத்தரி, வெண்டை மூணுக்கும் வரும். செடி வெயில்ல வாடும், சாயந்திரம் எழும், நாளாக நாளாகக் குட்டையாப் போகும். நம்ம ஆளுங்க தண்ணி போதலைன்னு இன்னும் ஊத்துவாங்க. இந்தப் பையில் வேரை விடக்கூடாது, உளுந்தும் போடக்கூடாது. உளுந்தையும் அது தாக்கும்.

இங்க ஒரு குழப்பம் வரும். அவரை, தட்டைப்பயறு, உளுந்து வேர்லயும் முடிச்சு இருக்கும். அது நல்லது. வித்தியாசம் எப்படிப் பார்க்கிறது? பயறு முடிச்சு வேரோட பக்கத்தில் ஒட்டி வச்ச மணி மாதிரி இருக்கும், விரலால் தேய்ச்சா உதிர்ந்துடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கினது, உதிராது, வேரைக் கிழிச்சாத்தான் வரும். பயறு முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தா உள்ள இளஞ்சிவப்பா இருக்கும். நம்ம ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒண்ணு அதுக்குள்ளயும் இருக்கு, அதான் அந்த நிறம். சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். பச்சையாவோ பழுப்பாவோ மாறிட்டா வேலை முடிஞ்சு போச்சு. எனக்கு இதைப் பார்க்கிறது ரொம்பப் பிடிக்கும். யாராவது வீட்டுக்கு வந்தா உளுந்தைப் பிடுங்கிக் காட்டுவேன். அம்மா திட்டுவாங்க.

தக்காளியோ கத்தரியோ பச்சையா இருக்கும்போதே ரெண்டு மூணு நாளில் தொங்கிப் போச்சுன்னா இன்னொரு சோதனை. அடித்தண்டை ஒரு ஜாண் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணியில் வெட்டின முனை மட்டும் முங்குற மாதிரி அசையாம வைங்க. சில நிமிஷத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையா இறங்கினா அது பாக்டீரியா வாடல். அந்தக் கலவையில் தக்காளி, கத்தரி, மிளகாய் குடும்பமே வேண்டாம். நான்னா அதை மாடியில் இருந்தே இறக்கிடுவேன், மத்த பையோட கலக்க மாட்டேன். அதில் வேலை செஞ்ச கத்தரியையும் கையையும் கழுவிட்டுத்தான் அடுத்த பையைத் தொடணும்.

அப்புறம் ஒரு பெரிய வெள்ளைப் புழு. கட்டை விரல் தடிமன், ஆங்கில 'சி' மாதிரி சுருண்டு கிடக்கும். பையைக் கொட்டினதும் அலறி ஓடுறவங்களைப் பார்த்திருக்கேன். நம்ம பக்கம் அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டோட புழு. சரியா மக்காத சாணத்தோட வந்திருக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயல் ஞாபகம் இருக்கும். அறந்தாங்கி, கீரமங்கலம், பேராவூரணி எல்லாம் தென்னை தென்னையா விழுந்து கிடந்துச்சு. விழுந்த மரத்தையும் வேர்க்கட்டையையும் அப்படியே மக்க விடாதீங்க, வண்டு அதில்தான் முட்டை வைக்கும், தப்பிச்ச மரத்தையும் வந்து குடையும்னு அப்போ வேளாண்மைத் துறையில் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மிச்சத்தை எல்லாம் மண்ணுக்கே விடணும்னு கண்ணை மூடிட்டுச் சொல்ல முடியாதுங்கிறதுக்காக இதைச் சொல்றேன். பையில் அந்தப் புழு இருந்தா எடுத்துக் கோழிக்குப் போடுங்க. கோழி கொண்டாடும். மண்ணு கெடலை.

அடுத்தது உப்பு. இதை நம்ம ஊர்ல யாரும் பேசுறதே இல்ல, ஆனா ரெண்டாவது பருவம் படுக்கிறதுக்கு இது முக்கியமான காரணம். எங்க பக்கம் கடல் ரொம்ப தூரம் இல்ல. நிறைய வீட்டு போர் தண்ணி சப்புன்னு உப்புக் கரிக்கும். வயல்ல ஊத்தினா மழை வந்து கீழே இறக்கிடும். பையில் தண்ணி ஆவியாகும், உப்பு தங்கும். நாலு மாசம் தினம் ஊத்தினா? பையோட விளிம்பிலும் மண் மேலயும் வெள்ளையாப் படியும், பார்த்திருப்பீங்க. இலை நுனி கருகும். முளைப்பு பாதி வராது. நார்க்கழிவுக் கட்டியே சரியாக் கழுவாம வந்திருந்தா அதுவும் தன் பங்குக்கு உப்பைச் சேர்க்கும்.

குடிதண்ணி சோதிக்கிற டி.டி.எஸ். மீட்டர், பேனா மாதிரி இருக்குமே, அது வீட்டில் இருந்தா ஒரு டம்ளர் மண்ணுக்கு ரெண்டு டம்ளர் மழைத்தண்ணி ஊத்திக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணியில் வச்சுப் பாருங்க. 500க்குக் கீழ இருந்தா கவலை இல்ல. ஆயிரத்தைத் தாண்டினா பீன்ஸ், அவரை மாதிரி பயிர் சிரமப்படும். மீட்டர் இல்லைன்னா வெள்ளைப் படிவு போதும், அதுவே மீட்டர். மேல் ஒரு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துட்டு, பையோட கொள்ளளவு மாதிரி ரெண்டு மடங்கு நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி அடியில் வழிய விடுங்க. அதுவும் வேண்டாம்னா ஐப்பசி, கார்த்திகையில் பையை மழையில் திறந்து வைங்க. நம்ம ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. காசில்லாத வைத்தியம். கூடவே கொஞ்சம் சத்தும் வழிஞ்சு போகும், அதைப் பிறகு தொழு உரத்தில் ஈடுகட்டலாம்.

இப்போ நல்ல பைக்கு வருவோம். உளுந்து போட்டாச்சு, பழைய செடியை வெட்டியாச்சு. பைக்கு எட்டுப் பத்து விதை போதும். கடையில் வாங்கின தோல் உளுந்து, உடைக்காத முழு உளுந்து, பழசா இல்லைன்னா முளைக்கும். முளைச்ச பிறகு நாலு, அஞ்சு செடி வச்சுக்கலாம்.

ரைசோபியத்தை மறந்துடாதீங்க. வயல்ல தலைமுறை தலைமுறையா உளுந்து விளைஞ்ச மண்ணில் அந்த பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். கட்டியில் இருந்து உப்பின நார்க்கழிவில் அது இருக்க வாய்ப்பு கம்மி. பாக்டீரியா இல்லைன்னா வேர் முடிச்சு வராது. முடிச்சு வரலைன்னா உளுந்தும் மத்த செடி மாதிரி தழைச்சத்துக்குக் கையேந்தும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் பயறுக்கான ரைசோபியம் பாக்கெட் கிடைக்கும். ஆறின கஞ்சியில் கொஞ்சம் குழைச்சு, விதையைப் புரட்டி, நிழல்ல அரை மணி நேரம் உலர்த்திப் போடுங்க. பாக்கெட் கிடைக்கலைன்னா போன மாசம் உளுந்து விளைஞ்ச வயல்ல இருந்து ஒரு கைப்பிடி மண்ணு. சொந்தக்காரங்க யார் வயலாவது இருக்கும்ல?

தக்காளி வேர் உள்ள மக்கும்போது நான் முன்னாடி சொன்ன அந்தப் பசி வரும். அப்போ மறுபடி தக்காளியையோ கீரையையோ போட்டா அது பட்டினி. உளுந்து தன் சோத்துக்குத் தானே சம்பாதிக்கும், அதனால பெருசா பாதிக்காது. அதான் நடுவில் ஒரு பயறு. நம்மாழ்வார் ஐயா சொன்ன பலதானிய விதைப்பும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் எல்லாம் கலந்து விதைச்சு, பூக்கிற சமயம் மடக்கி உழுறது. ஐயா 2013 டிசம்பர் 30ஆம் தேதி மறைஞ்சது நம்ம பக்கத்தில் பட்டுக்கோட்டை அத்திவெட்டி கிராமத்துப் பிச்சினிக்காட்டில். மீத்தேன் எதிர்ப்புப் பிரச்சாரத்துக்காக வந்தவர்.

'பூக்கிற சமயம்'னு சொன்னேன்ல, அதைப் பிடிச்சுக்கோங்க. பயறு போட்டா மண்ணுக்குத் தழைச்சத்து வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க. எப்போ வெட்டுறோம்ங்கிறதைப் பொறுத்து அது உண்மையாவும் இருக்கலாம், வெறும் நம்பிக்கையாவும் இருக்கலாம். உளுந்து 65 முதல் 75 நாள் பயிர். பூ வரும் வரைக்கும் செடி சேர்த்த தழைச்சத்து இலையிலும் தண்டிலும் இருக்கும். காய் பிடிக்க ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் உருவி விதைக்குள்ள அனுப்பிடும். உளுந்தில் புரதம் இருக்குன்னு சாப்பிடுறோமே, அந்தப் புரதமே அதுதான். காய் முத்தி அறுத்த பிறகு வேர்லயும் முடிச்சிலும் மிஞ்சுறது கொஞ்சம். ஆக உங்களுக்கு மண்ணு வேணுமா, உளுந்து வேணுமான்னு முடிவு பண்ணணும். மண்ணு வேணும்னா 35 நாள் வாக்கில், முதல் பூ தெரிஞ்சதும் வெட்டி, சின்னச் சின்னதா நறுக்கி அந்தப் பையிலேயே மூடாக்கா போட்டுடுங்க. வேர் உள்ளேயே இருக்கட்டும். பத்துப் பையில் விளையுற உளுந்து ஒரு வேளை இட்லிக்கு மாவரைக்கக் காணாது. அதனால நான் மண்ணு பக்கம்தான். அப்பாயிக்கு இதில் சம்மதம் இல்ல. பூத்த செடியை வெட்டுறது பாவம்னு சொல்றாங்க. அவங்க வந்தா ஒரு பையை மட்டும் காய்க்க விடுறது.

வெட்டிப் போட்ட பிறகு ரெண்டு மூணு வாரம் ஈரம் காயாம வச்சிருங்க. சல்லி வேர் எல்லாம் அதுக்குள்ள காணாம போயிருக்கும். கத்தரி, மிளகாய் மாதிரி கட்டை வேர் மக்க மாசக்கணக்கா ஆகும். அது உள்ள இருந்தா தப்பில்ல, நாத்தை அதுக்குப் பக்கத்தில் தள்ளி வைங்க. பையில் கலவை இறங்கிப் போயிருக்கும், நாலில் ஒரு பங்கு குறைஞ்சிருந்தாக்கூட ஆச்சரியம் இல்ல. அந்தப் பள்ளத்தை மட்டும் மக்கின தொழு உரம் இல்லைன்னா மண்புழு உரம் வச்சு நிரப்புங்க. கூட ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. புதுசா நீங்க வாங்குறது அவ்வளவுதான். அடுத்து வைக்கிற பயிர் மட்டும் வேற குடும்பமா இருக்கட்டும். தக்காளிக்குப் பிறகு கத்தரி வேண்டாம், ரெண்டும் அண்ணன் தம்பி. கீரை, வெண்டை, முள்ளங்கி, எதாவது.

கீரைன்னதும் ஒண்ணு. சிறுகீரையை வேரோட பிடுங்கிக் கட்டு கட்டுவாங்க. அரைக்கீரையை அறுத்துக்கிட்டே இருக்கலாம், அறுகீரைன்னுதான் அதுக்குப் பழைய பேரு. பையில் வைக்கிறதா இருந்தா அரைக்கீரை வைங்க, வேருக்கும் வேலை, நமக்கும் வேலை மிச்சம்.

நூற்புழு வந்த பை மிச்சம் இருக்கு. அதையும் தூக்கிப் போட வேண்டாம். சித்திரை, வைகாசி வெயில் நம்ம ஊர்ல சும்மாவா அடிக்குது? முடிச்சு உள்ள வேரை எல்லாம் பொறுக்கி எரிச்சுடுங்க. கலவையை லேசா ஈரமாக்கி, மாடியில் ஒரு பாலித்தீன் விரிப்பில் நாலு அஞ்சு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலே நிறமில்லாத, தெளிவான பாலித்தீன் போட்டு, சுத்தி செங்கல் வச்சுக் காத்துப் போகாம மூடுங்க. கறுப்புத் தார்ப்பாய் வேண்டாம், வெயில் அதிலேயே நின்னுடும், உள்ள இறங்காது. நாலுல இருந்து ஆறு வாரம். இல்லைன்னா ஒரு தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்க. கலவை முழுக்க 70 டிகிரி செல்சியஸ் அரை மணி நேரம், இல்லைன்னா 60 டிகிரி ஒரு மணி நேரம் வந்துட்டா வேலை முடிஞ்சது. ஈரம் முக்கியம். காய்ஞ்ச மண்ணில் சூடு உள்ள போகாது, புழு முட்டையும் தாக்குப் பிடிக்கும். இந்தச் சூட்டில் நல்ல நுண்ணுயிரும் நிறையப் போயிடும், அதனால ஆறின பிறகு தொழு உரத்தோட டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் கலந்து ஒரு வாரம் வச்சுட்டுப் போடுங்க. முதல் பயிரா செண்டுப்பூ வைங்க. அதோட வேர்ல நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருக்கு. ஆயுத பூஜைக்குப் பூவும் ஆச்சு.

ரெண்டு விஷயத்தை வேகமாச் சொல்லி முடிச்சுக்கிறேன். ஒண்ணு, மண்புழு. மாடிப் பையில் மண்புழு விடலாமான்னு கேட்கிறாங்க. பங்குனி வெயில்ல கறுப்புப் பை கொதிக்கும், அது பாவம், விடாதீங்க. இன்னொண்ணு, பை கிழிஞ்சு போயிடுச்சுன்னா உள்ள இருக்கிறதை வாழை மரத்தடியிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டுங்க, வாய்க்கால்ல வேண்டாம். பக்கத்து வீட்டில் யாராவது பையைக் கவுக்கப் போறாங்கன்னா கேட்டு வாங்கிக்கோங்க. வேரை மட்டும் அலசிப் பார்த்துட்டு வாங்குங்க.

அடுத்த எபிசோடில் மழைத்தண்ணியை மாடியிலேயே பிடிச்சு வைக்கிறதைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன், உப்புத் தண்ணிப் பிரச்சினை பாதி அதிலேயே தீரும். உங்க பையில் உளுந்து வேரைக் கீறிப் பார்த்தவங்க, உள்ள என்ன நிறம் இருந்துச்சுன்னு சொல்லுங்க.